காட்டன் துணிக்கு வீட்டுலயே கஞ்சி போடுறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

கடலூர், நெல்லிக்குப்பம், பாண்டின்னு நம்ம பக்கத்து சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு ஆளாளுக்கு போன்ல கேக்குற கேள்விதான் இதெல்லாம், ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை வறண்டு போச்சு, அதனால ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். கஞ்சி கெட்டியா போட்டா ரொம்ப நாள் நிக்கும்னு நெனைக்கிறாங்க பாருங்க, முக்கால்வாசி பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. நம்மளுது கடலோர ஊரு, காத்துலயே ஈரம். இங்க நீர்க்கத்தான் போடணும், வேணும்னா அடுத்த தடவை துவைக்கும்போது திரும்ப போட்டுக்கலாம்.

எந்த கஞ்சி நல்லது, வடிச்ச கஞ்சியா ஜவ்வரிசியா மைதாவா?

சேலைக்கு என் ஓட்டு ஜவ்வரிசிக்கு. அது மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்யிறது, சேலம் ஆத்தூர் பக்கம் இருந்து வர்றது. காய்ச்சினா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அதனால கலர் சேலையில வெள்ளை வெள்ளையா தெரியாது. ஆராரூட் மாவும் அப்படித்தான், ஆனா நல்ல மாவா பாத்து வாங்கணும். மைதா, சோளமாவு (கார்ன்ஃபிளார்) ரெண்டும் காய்ச்சினா பால் மாதிரி கலங்கலா வரும், வெள்ளை வேஷ்டிக்கும் வெள்ளை சட்டைக்கும் ஓகே, கறுப்பு நேவி ப்ளூ மெரூன் பக்கமே கொண்டு போகாதீங்க.

வடிச்ச கஞ்சி காசில்லாம கெடைக்கும், தினமும் சோறு வடிக்கிற வீட்டுல அதை கொட்டுறதுக்கு பதிலா துணிக்கு போடலாம், தப்பே இல்ல. ஆனா ரெண்டு விஷயம். புழுங்கலரிசி கஞ்சி லேசா பழுப்பு அடிக்கும், வெள்ளைத்துணிக்கு பச்சரிசி கஞ்சி தான் சரி. அப்புறம் சோத்துல உப்பு போட்டு வடிச்ச கஞ்சி வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், துணி மொடமொடன்னு நிக்காது. குக்கர்ல வைக்கிற வீட்டுல இந்த பேச்சுக்கே எடமில்ல, அவங்க ஜவ்வரிசிக்கு போயிடுங்க.

கடையில விக்கிற ரிவைவ் மாதிரி பவுடரும் நல்லாத்தான் இருக்கு, பாக்கெட்ல போட்டிருக்கற அளவுல பாதி போட்டு ஆரம்பிங்க.

ஒரு சேலைக்கு எவ்வளவு ஜவ்வரிசி? சரியா அளவு சொல்லுங்க, 'கொஞ்சம்'னு சொல்லாதீங்க

சரி. ஒரு காட்டன் சேலைக்கு சுமாரா 50 கிராம் ஜவ்வரிசி, ஒரு கைப்பிடின்னு வச்சுக்கோங்க. அரைமணி நேரம் ஊறவச்சுட்டு ஒரு லிட்டர் தண்ணியில போட்டு அடிபிடிக்காம கிண்டிக்கிட்டே காய்ச்சணும், முத்து வெந்து கண்ணாடியா கரையுற வரைக்கும். அப்புறம் பழைய வேஷ்டித்துணியில வடிகட்டிடுங்க, டீ வடிகட்டி பத்தாது, கண்ணுக்கு தெரியாத சின்ன கட்டி கூட சேலையில காஞ்சா பருக்கை மாதிரி ஒட்டிக்கும். வடிகட்டினத பக்கெட்ல 3 லிட்டர் தண்ணியோட கலந்துக்கோங்க. விரலை விட்டு எடுத்தா விரல்ல லேசா வழவழப்பு தெரியணும், கோந்து மாதிரி நூல் விட்டுச்சுன்னா இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க.

இதுதான் மீடியம். மல் காட்டன், வாயில் மாதிரி மெல்லிசு துணிக்கு இதுல பாதி போதும். செட்டிநாடு காட்டன் மாதிரி கனமான சேலை நெசவுலயே நல்லா நிக்கும், அதுக்கும் பாதிதான். பெங்கால் காட்டன் கொஞ்சம் கூட கேக்கும், அது கஞ்சி இல்லாம துவண்டுதான் கெடக்கும்.

வேஷ்டிக்கு மைதான்னா 3 லிட்டர் தண்ணிக்கு 3 டேபிள்ஸ்பூன்.

மைதா கஞ்சி எனக்கு மட்டும் கட்டி கட்டியா ஆவுதே?

கொதிக்கிற தண்ணியில நேரா மாவை கொட்டியிருப்பீங்க. மாவு ஒரு 60, 70 டிகிரி சூட்டுல தண்ணிய குடிச்சு உப்பி கஞ்சியா மாறும். நேரா சுடுதண்ணியில போட்டா மாவு உருண்டையோட வெளிப்பக்கம் மட்டும் வெந்து தோல் மாதிரி மூடிக்கும், உள்ள பச்சை மாவு அப்படியே மாட்டிக்கும், எவ்வளவு கிண்டினாலும் போகாது. மொதல்ல பச்சத்தண்ணி கொஞ்சம் விட்டு கூழா கரைச்சுக்கோங்க, அதை சூடான தண்ணியில சன்னமா ஊத்திக்கிட்டே கிண்டுங்க, ஒரு கொதி வந்து கலங்கல் கொறைஞ்சு பளபளன்னு ஆனதும் எறக்கிடுங்க.

காய்ச்சாம வெறும் மாவை பச்சத்தண்ணியில கரைச்சு துணிய முக்குறவங்களும் இருக்காங்க. மாவு அடியில தங்கிடும், மேல இருக்குற துணிக்கு ஒண்ணும் கெடைக்காது, அடியில கெடந்த முந்தானைக்கு எல்லாமே கெடைச்சிடும்.

துணிய எந்த நேரத்துல கஞ்சியில போடணும், துவைச்ச உடனேவா காஞ்ச பிறகா?

துவைச்சு, சோப்பு சுத்தமா போற வரைக்கும் அலசி, நல்லா பிழிஞ்ச ஈரத்துணியா போடுங்க. காஞ்ச துணிய போட்டா மொதல்ல படுற எடம் நெறைய குடிச்சிடும், மத்த எடம் பட்டினி, காஞ்சதும் திட்டு திட்டா தெரியும். ஈரத்துணின்னா கஞ்சி சமமா பரவும். கஞ்சி கைபொறுக்குற வெதுவெதுப்புல இருக்கணும், கொதிக்க கொதிக்க ஊத்தினா சாயமும் சேர்ந்து எறங்கிடும்.

சேலைய மடிச்சபடி அமுக்காதீங்க. முந்தானையில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டு, அஞ்சு நிமிஷம் பெரட்டி பெரட்டி விட்டு, லேசா பிழிஞ்சு எடுக்கணும். முறுக்கி பிழிஞ்சா முறுக்கு விழுந்த எடத்துல சுருக்கம் அப்படியே காஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் இஸ்திரி போடுறவரு நம்மள திட்டுவாரு.

கடைசி அலசல்ல கம்ஃபர்ட் ஊத்தலாமா, வாசனையா இருக்குமே?

வேண்டாம். அது துணிய மெத்துன்னு ஆக்குறதுக்கு இருக்கு, கஞ்சி விறைப்பா ஆக்குறதுக்கு இருக்கு, ரெண்டையும் சேர்த்து போட்டு காசு ரெண்டும் வீண். வாசனை வேணும்னா இஸ்திரி போடும்போது தெளிக்கிற தண்ணியில ரெண்டு சொட்டு பன்னீர் விடுங்க.

எங்க காயப்போடுறது? வெயில்லயா நிழல்லயா?

வெள்ளைத்துணி வெயில்ல, கலர்த்துணி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி போட்டு நிழல்ல. கொடியில போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு ரெண்டு முனையும் புடிச்சு ஒரு உதறு உதறி, கரைய நீவி விட்டுடுங்க, இஸ்திரி வேலை பாதியா கொறையும். தனியா இருக்கறவங்க கொடியில போட்டுட்டு கையால இழுத்து நீவி விடலாம். ஒட்டிக்காம இருக்க அடுக்கடுக்கா மடிச்சு போடாதீங்க, கஞ்சி காயும்போது ரெண்டு அடுக்கும் சேர்ந்துக்கும், பிரிக்கும்போது சர்ருன்னு சத்தம் வரும், மெல்லிசு துணின்னா கிழிஞ்சே போகும்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலுக்கு பக்கத்துல இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. காலையிலயே காயப்போட்டு கடல்காத்து வீச ஆரம்பிக்கிறதுக்குள்ள எடுத்துடுங்க. மதியத்துக்கு மேல வீசுற காத்துல உப்பும் இருக்கும், பொடி மணலும் இருக்கும், ஈரக்கஞ்சியில அது வந்து உக்காந்தா துணி மொரமொரன்னு இருக்குமே தவிர அது கஞ்சி மொரமொரப்பு இல்ல. மொட்டைமாடி இருந்து தெரு மண்ரோடா இருந்தாலும் இதே கதைதான்.

காலையில மொடமொடன்னு போட்டுட்டு போன சட்டை சாயங்காலம் பாண்டி பீச்ல நடக்குறப்ப துவண்டு போகுது, கஞ்சி பத்தலையா?

கஞ்சி பத்தலன்னு இல்ல. காஞ்ச கஞ்சி நூல் மேல ஒரு படலமா இருக்கும், அந்த படலம் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினா இளகிடும். கூடவே உங்க வேர்வை வேற. இதே சட்டைய போட்டுக்கிட்டு கோயம்புத்தூர் போனீங்கன்னா ராத்திரி வரைக்கும் கொஞ்சம் நிக்கும், இங்க நிக்காது, அவ்வளவுதான். இதை பாத்துட்டு அடுத்த தடவை ரெட்டிப்பா போடுறாங்க, அப்ப என்ன ஆகும்னா காலையில அட்டை மாதிரி கழுத்தை அறுக்கும், சாயங்காலம் பிசுபிசுன்னு முதுகுல ஒட்டும். காலருக்கும் முன்பட்டிக்கும் மட்டும் கொஞ்சம் கூட போட்டுட்டு உடம்புப்பக்கம் லேசா விட்டுடுங்க, பாக்குறவங்க கண்ணுக்கு தெரியிறது அந்த ரெண்டு எடம்தான்.

வெயில்காலத்துல கஞ்சி போட்ட துணி நல்லதா, புழுக்கமா இருக்காதா?

எங்க வீட்டுலயே இதுல ரெண்டு கட்சி இருக்கு. லேசான கஞ்சின்னா துணி உடம்போட ஒட்டாம கொஞ்சம் தள்ளி நிக்கும், இடையில காத்து போகும், அக்னி நட்சத்திரத்துல கூட நல்லாவே இருக்கும். கெட்டிக்கஞ்சி நூலுக்கு நடுவுல இருக்குற சந்தை அடைச்சிடும், அப்ப காத்தும் வராது வேர்வையும் இழுக்காது. ஆக ரெண்டு கட்சி சொல்றதும் சரிதான், அவங்க அவங்க போடுற கஞ்சிய பொறுத்து. ஜாக்கெட்டுக்கு நான் எப்பவுமே போட மாட்டேன், அக்குள்ல உரசும். பச்சக்குழந்தை துணிக்கும் வேண்டாம்.

மழைக்காலத்துல?

ஐப்பசி கார்த்திகையில கஞ்சி பக்கமே போகாதீங்க. காயவே காயாது, காயாத கஞ்சி ஒரே நாள்ல புளிச்ச வாடை அடிக்கும், அடுத்தது கரும்புள்ளி, பூஞ்சணம். பூஞ்சணத்துக்கு கஞ்சின்னா சாப்பாடு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையை கடந்தப்ப கடலூர், பாண்டி, விழுப்புரம்னு தண்ணி நின்ன வீடு எத்தனையோ, அந்த மாதிரி நேரத்துல பீரோவுல இருக்குற துணியில மொதல்ல புள்ளி விழுறது கஞ்சி போட்டு மடிச்சு வச்சதுலதான். ஏற்கனவே கஞ்சி போட்டு வச்சிருக்கற சேலை இருந்தா புரட்டாசியிலயே ஒரு தடவை வெறும் தண்ணியில அலசி, கஞ்சிய எறக்கி, வெயில்ல நல்லா காயவச்சு உள்ள வைங்க. கல்யாணம் காட்சின்னு வந்தா இஸ்திரி போடும்போது ஸ்ப்ரே அடிச்சுக்கலாம்.

ஸ்ப்ரே வீட்டுலயே செய்யலாமா?

தாராளமா. அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆராரூட் இல்ல சோளமாவு, மேல சொன்ன மாதிரியே பச்சத்தண்ணியில கரைச்சு காய்ச்சி, ஆறினதும் ரெண்டு தடவை வடிகட்டி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்துங்க. கட்டி இருந்தா பாட்டில் மூக்கு அடைச்சுக்கும். ஃபிரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு நாள் வரும், வெளிய வச்சா மறுநாளே கெட்டுடும். துணி மேல அடிச்சதும் உடனே இஸ்திரிப்பெட்டிய வைக்காதீங்க, ஒரு நிமிஷம் உள்ள எறங்கட்டும்.

இஸ்திரி போடும்போது பெட்டியில ஒட்டி பழுப்பாகுதே?

மூணு காரணம் இருக்கலாம். கஞ்சி கெட்டி, இல்ல துணி இன்னும் சொதசொதன்னு ஈரம், இல்ல பெட்டி ஓவர் சூடு. கஞ்சி போட்ட துணிய முழுசா காயவிட்டு, அப்புறம் தண்ணி தெளிச்சு பாய் மாதிரி சுருட்டி அரைமணி நேரம் வச்சிடுங்க, ஈரம் எல்லா எடத்துக்கும் சமமா போயிடும், அந்த பதத்துல போட்டா பெட்டி வழுக்கிக்கிட்டு போகும். பழங்காலத்துல கஞ்சியில துண்டு மெழுகு போட்டு காய்ச்சுவாங்க, பெட்டி ஒட்டாம பளபளப்பும் வரும்னு, வேணும்னா செய்யலாம் ஆனா அளவு தப்பினா எண்ணெய்க்கறை மாதிரி நிக்கும், நான் சொல்ல மாட்டேன்.

பெட்டி அடியில ஏற்கனவே கருகி ஒட்டினதுக்கு, பிளக்கை புடுங்கிட்டு லேசா சூடு இருக்கும்போதே ஈரத்துணியில சமையல் சோடா கூழ் தொட்டு தேய்ங்க, வந்துடும். கத்தியால சுரண்டாதீங்க. ஸ்டீம் அயர்ன் வச்சிருக்கறவங்க தண்ணி ஊத்துற தொட்டியில கஞ்சித்தண்ணிய ஊத்துறதா கேள்விப்பட்டேன், தயவுசெஞ்சு வேண்டாம், ஓட்டை எல்லாம் அடைச்சு பெட்டியே போயிடும்.

இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட குடுக்குறதா இருந்தா கஞ்சி போட்டதுன்னு சொல்லி குடுங்க, கரிப்பெட்டி சூடு அவருக்கு தெரியும், அவரே பாத்து தண்ணி தெளிச்சுக்குவாரு.

வெள்ளை வேஷ்டிக்கு நீலமும் கஞ்சியும் சேர்த்து போடலாமா?

போடலாம். நீலத்தை மொதல்ல தனியா ஒரு மக் தண்ணியில கரைச்சு, அதை கஞ்சித்தண்ணி பக்கெட்ல ஊத்தி நல்லா கலக்கிட்டு அப்புறம் வேஷ்டிய போடுங்க. சொட்டு நீலத்தை நேரா கஞ்சி மேல விட்டா கலங்காம கோடு கோடா நிக்கும், அது வேஷ்டியில அப்படியே புடிச்சுக்கும். துணி வயசாக ஆக மஞ்சளடிக்கும், நீலம் அந்த மஞ்சளை கண்ணுக்கு தெரியாம மறைக்கும், அழுக்கை எடுக்காது. அழுக்கு வேஷ்டிக்கு நீலம் போட்டா சாம்பல் கலர்தான் வரும்.

பட்டுச்சேலை, சிந்தெடிக், லினன், ஸ்கூல் யூனிஃபார்ம் இதுக்கெல்லாம்?

பட்டுக்கு வேண்டாம். அதுக்கு பாலிஷ் போடுற எடம் தனியா இருக்கு. ஷிஃபான், ஜார்ஜெட், பாலியஸ்டர் இதெல்லாம் கஞ்சிய உள்ள வாங்கிக்காது, மேலாக்க காஞ்சு மாவு மாவா உதிரும். லினனுக்கு லேசா போடலாம். யூனிஃபார்ம் பெரும்பாலும் டெரிகாட்டன், பாதி பாலியஸ்டர், போட்டாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. சில்க் காட்டன்னா ரொம்ப ரொம்ப நீர்க்க, ஜரிகை பக்கம் தேய்க்காம. சுங்குடி சேலைன்னா மொதல்ல ஒரு ஓரத்தை நனைச்சு வெள்ளைத்துணியில ஒத்திப்பாருங்க, சாயம் எறங்கினா அதை தனியா முக்கணும், கூட வேற எதையும் போடாதீங்க.

புதுசா குறிஞ்சிப்பாடி கைலி வாங்கினேன், கடையில கெட்டியா இருந்துச்சு, ஒரு தடவை துவைச்சதும் மெல்லிசாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்துனாங்கன்னு உடனே சொல்ல முடியாது. தறியில பாவு நூல், அதாவது நீளவாக்குல ஓடுற நூல், உரசி உரசி அறுந்து போகாம இருக்க நெசவுக்கு முன்னாடியே பாவுக்கு கஞ்சி போடுவாங்க, நெசவாளர் தெருவுல பாவை நீட்டி கட்டி கஞ்சி தடவுறத பாத்தவங்களுக்கு தெரியும், மில்லுல இதையே சைசிங்னு சொல்லுவாங்க, பாண்டி முதலியார்பேட்டையில இருந்த ஏ.எஃப்.டி துணி மில்லுல வேலை பாத்தவங்க வீட்டுல இந்த வார்த்தை சகஜம். அந்த கஞ்சி மொதல் ஒண்ணு ரெண்டு துவைப்புல எறங்குறது இயல்பு. கைலி அப்பதான் உடுத்த பதமாவே வரும்.

ஆனா நெசவு நெருக்கமா இல்லாத துணிய கஞ்சியால கெட்டி மாதிரி காட்டி விக்கிறதும் இருக்கு. கடையிலயே கண்டுபுடிக்கலாம். துணியோட ரெண்டு பக்கத்தையும் ஒண்ணோடொண்ணு வச்சு நல்லா கசக்கி தேய்ங்க, வெள்ளையா பொடி உதிர்ந்தா கஞ்சி ஓவர். தேய்ச்ச எடத்தை வெளிச்சத்துல தூக்கி புடிச்சு பாருங்க, சல்லடையா தெரிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல குவிச்சு போட்டு விக்கிற துணிக்கு இந்த சோதனை கட்டாயம், கடைக்காரர் மொறைச்சாலும் பரவால்ல.

கஞ்சி போட்ட சேலைய பூச்சி அரிக்குது, என்ன பண்ண?

இராமபாணப்பூச்சி, கரப்பான் ரெண்டுக்கும் கஞ்சி புடிக்கும், எலியும் வரும். ரொம்ப நாள் கட்டாம வைக்கப்போற சேலையில கஞ்சி இருக்கவே கூடாது. பூச்சி ஒரு பக்கம்னா, விறைப்பா மடிச்ச மடிப்புலயே மாசக்கணக்குல கெடந்தா அந்த மடிப்புல நூல் ஒடிஞ்சு கோடா விட்டுப்போகும், பழைய காட்டன் சேலை மடிப்புல கிழியிறது இதனாலதான். அடிக்கடி கட்டுற சேலைக்கு மட்டும் கஞ்சி, அதையும் மடிப்பை மாத்தி மாத்தி வைங்க. வேப்பிலைய நல்லா காயவச்சு துணியில முடிஞ்சு வைக்கலாம், ஈர வேப்பிலை வச்சா அதுவே கறை.

கெட்டியா போட்டாச்சு, எப்படி எடுக்குறது?

கைபொறுக்குற சூட்டுத்தண்ணியில அரைமணி நேரம் ஊறவச்சு அலசுங்க, ஒரு தடவையில போகலன்னா இன்னொரு தடவை. என்சைம் இருக்குற சோப்புத்தூள்ல மாவுச்சத்தை ஒடைக்கிற என்சைமும் இருந்துச்சுன்னா சீக்கிரம் போகும். முழுசா போச்சான்னு பாக்கணும்னா கண்ணுக்கு தெரியாத ஓரத்துல ஒரு சொட்டு பீட்டாடின் வச்சு பாருங்க, கஞ்சி மிச்சம் இருந்தா கருநீலமா மாறும், பள்ளிக்கூடத்துல அயோடினை அரிசி மேல விட்டு காட்டுவாங்களே அதே வேலைதான். பழைய வேஷ்டி ஓரத்துல பண்ணுங்க, நல்ல சேலையில பண்ணிட்டு எனக்கு போன் பண்ணாதீங்க.

வாஷிங் மெஷின்ல கஞ்சி போடலாமா?

டாப் லோடுன்னா போடலாம், துவைச்சு முடிச்ச பிறகு நீர்க்க கரைச்சு வடிகட்டின கஞ்சிய டிரம்ல இருக்குற தண்ணியில ஊத்தி அஞ்சு நிமிஷம் சுத்தவிட்டு, ஸ்பின் கொஞ்ச நேரம் மட்டும். முடிச்சதும் ஒரு தடவை வெறும் தண்ணி ஓட்டிடுங்க, இல்லன்னா அடுத்து போடுற துண்டெல்லாம் விறைச்சு நிக்கும். ஃப்ரண்ட் லோடுல சோப்பு போடுற டிராயர்ல கஞ்சி ஊத்தாதீங்க. உண்மைய சொல்லணும்னா ஒரு சேலைக்கு பக்கெட்டே போதும், மெஷினை கழுவுற நேரத்துல ரெண்டு சேலை முடிச்சிடலாம்.

கொலுவுக்கு குரோஷா பூ, கிண்ணம் எல்லாம் போட்டேன், விறைப்பா நிக்க இதே கஞ்சி போதுமா?

போதாது, இதுக்கு மட்டும்தான் நான் கெட்டிக்கஞ்சி சொல்லுவேன். மைதாவ இட்லிமாவு பதத்துக்கு காய்ச்சி, அதுல முக்கி லேசா பிழிஞ்சு, கிண்ணம்னா ஒரு டம்ளரை பிளாஸ்டிக் கவர் சுத்தி கவுத்து வச்சு அது மேல போட்டு காயவிடுங்க, பூவுன்னா தெர்மாகோல் அட்டையில குண்டூசி குத்தி இதழ் விரிச்சு வைங்க, துரு புடிக்காத குண்டூசியா பாத்து. சிலபேர் சர்க்கரைப்பாகுல முக்குவாங்க, நல்லா நிக்கும், ஆனா கொலுப்படியில எறும்பு வரிசை கட்டும். ஃபெவிகால் தண்ணில கரைச்சு போட்டா திரும்ப துவைச்சு எடுக்க முடியாது, வருஷா வருஷம் அதே பொம்மைக்கு அதே பூதான்னா அதை போடுங்க.